ஜேடு செடி முறிந்துவிட்டதா? முதலில் தண்ணீரிலிருந்து எடுங்கள்

கேள்வி: சென்னையில் மூன்றாவது மாடி பால்கனி. ஆறு வருடமாக வளர்ந்த ஜேடு செடி, போன வார மழைக்காற்றில் கைப்பிடிச் சுவரிலிருந்து உள்பக்கமாக விழுந்துவிட்டது. தொட்டி உடைந்து, தண்டு ஒரு சாண் உயரத்தில் முறிந்துவிட்டது. மேலே இருந்த இரண்டு பெரிய கிளைகளையும் வாடாமல் இருக்க வாளித் தண்ணீரில் நிற்க வைத்திருக்கிறோம். இலைகள் நிறைய உதிர்ந்து கிடக்கின்றன. அக்கா கல்யாணமாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன செடி. பிழைக்குமா?

பதில்:

பிழைக்கும். அக்காவுக்கே ஒரு கன்று திருப்பிக் கொடுக்கும் அளவுக்குப் பிழைக்கும். ஆனால் இதை முழுதும் படிப்பதற்கு முன் எழுந்துபோய் அந்தக் கிளைகளை வாளியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு, மின்விசிறிக் காற்று படும் இடத்தில் செய்தித்தாள் விரித்துப் படுக்க வையுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

ரோஜாக் கிளை முறிந்தால் உடனே தண்ணீரில் வைப்பது நமக்குப் பழகிய வேலை. ரோஜாவின் இலை மெல்லியது, வேரோடு தொடர்பு அறுந்த நிமிடத்திலிருந்து இலை வழியாக நீர் போய்க்கொண்டே இருக்கும். ஜேடு தன் இலையிலும் தண்டிலும் வாரக்கணக்கில் தாங்கும் நீரை வைத்திருக்கிறது. அதோடு அது பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். இரவில் உள்ளே இழுத்த கரியமில வாயுவை ஒரு புளிப்பு அமிலமாக மாற்றிச் சேமித்து வைத்து, மறுநாள் வெயில் வந்ததும் துளையைத் திறக்காமலேயே அந்த இருப்பை எடுத்து உணவு தயாரிக்கும். வெயில் நேரத்தில் துளை மூடியிருப்பதால் நீர் இழப்பு மிகக் குறைவு. ஆகவே உங்கள் கிளைக்கு இப்போது தாகம் இல்லை. அதற்கு இருக்கும் ஒரே ஆபத்து, முறிந்த இடத்தில் திறந்து கிடக்கும் ஈரமான சதை. அதற்குள் பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்தால் கிளை உள்ளிருந்தே அழுகும். தண்ணீரில் நிறுத்தினால் அந்தப் புண் ஆறவே ஆறாது.

இந்தப் புளிப்பைக் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் நம் ஊர்ப்பக்கம் வாழ்ந்தவர் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. தரங்கம்பாடிக்கு மதப்பணிக்காக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையைக் காலையில் சுவைத்தால் நல்ல புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, சாயங்காலம் லேசான கசப்பு என்று எழுதிய கடிதம் 1815-ல் லண்டன் லின்னியன் சங்கத்தின் இதழில் அச்சானது. ரணகள்ளியும் ஜேடும் ஒரே குடும்பம். ரணகள்ளிக்குக் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. இலையைப் பறித்துப் புத்தகத்துக்குள் வைத்தால்கூட ஓரத்தில் குட்டி குட்டியாக முளைக்கும். உங்கள் வீட்டில் சிதறிக் கிடக்கும் ஜேடு இலைகளுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. அவற்றைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஆனால் சுவைத்துப் பார்க்க வேண்டாம். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் இலைகளை உடனே பொறுக்கிவிடுங்கள், ஜேடு இலை அவற்றுக்கு ஆகாது.

சரி, அடுத்ததாக ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உங்களிடம் இருப்பது எந்த ஜேடு? நம் நர்சரிகளில் இரண்டு வேறு செடிகளை இதே பெயரில் விற்கிறார்கள். ஒன்று கிராசுலா ஓவாட்டா. இலை தடித்து, கட்டைவிரல் நுனி அளவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்கும். தண்டும் சதைப்பிடிப்பாக, அழுத்தினால் வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும். இன்னொன்று போர்ச்சுலக்கேரியா ஆஃப்ரா. இலை சுண்டுவிரல் நகம் அளவுதான், தண்டு மெல்லியதாகச் செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். நம் வெயிலை இரண்டாவது நன்றாகத் தாங்குவதால் சென்னை மாதிரி ஊர்களில் ஜேடு என்று வாங்கினால் பெரும்பாலும் இதுதான் கைக்கு வரும். இரண்டுமே தென்னாப்பிரிக்காவின் செடிகள், ஆனால் வேறு வேறு குடும்பம். நீங்கள் 'இலைகள் நிறைய உதிர்ந்தன, தண்டு முறிந்தது' என்று சொல்வதை வைத்து முதலாவது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இரண்டாவதாக இருந்தால் கிளை விஷயத்தில் எல்லாம் இதேதான், இன்னும் சுலபம்கூட. இலை விஷயத்தில் மட்டும் நம்பிக்கை வைக்க வேண்டாம். போர்ச்சுலக்கேரியாவின் தனி இலை வேர் விடும், ஆனால் அதிலிருந்து தளிர் வருவது அபூர்வம். மாதக்கணக்கில் பச்சையாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

முறிந்து விழுவதும் மறுபடி வேர் பிடிப்பதும் இந்தச் செடிகளுக்குப் புதிதல்ல. கிழக்குக் கேப் மாகாணத்துப் புதர்க்காடுகளில் போர்ச்சுலக்கேரியாதான் யானைகளின் முக்கியமான தீனி. யானை மேலிருந்து முறித்துத் தின்னும். அடியில் மண்ணைத் தொட்டபடி படரும் கிளைகளை விட்டுவிடும். அவை வேர் பிடித்துப் புதர் அகலமாகும். ஆடு கீழிருந்து மேய்வதால் அந்த அடிக்கிளைகள் போய்விடும், புதரும் செத்துவிடும். அப்படி ஆடு மேய்ந்து தரிசான நிலங்களை மீட்க அங்கே வேரில்லாத வெறும் போத்துகளைத்தான் நேரடியாக மண்ணில் நட்டுவருகிறார்கள். முருங்கைப் போத்து நடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். (முருங்கைக்குத் தலையில் சாணி உருண்டை வைப்பார்களே, அது இதற்கு வேண்டாம்.)

இப்போது கிளைகளைக் கையில் எடுங்கள். முறிந்த முனையை நன்றாகப் பாருங்கள். காற்று தள்ளியதால் மட்டும் முறிந்திருந்தால் உள்ளே முழுக்க வெளிர் பச்சையாக, ஈரமாக, வாசனையில்லாமல் இருக்கும். நடுவில் பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தாலோ, தண்டு மெத்தென்று இருந்தாலோ, புளித்த நாற்றம் வந்தாலோ, செடி விழும் முன்பே உள்ளே அழுகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். மழைக்காலத்தில் இது நிறைய நடக்கும். ஆறு வருடத் தண்டு ஒரு காற்றுக்கு முறிகிறது என்றால் இந்தச் சந்தேகத்தை ஒரு முறை தீர்த்துக்கொள்வது நல்லது. பழுப்பு தெரிந்தால் அரை அங்குலம் அரை அங்குலமாக மேலே வெட்டிக்கொண்டே போங்கள், வெட்டுவாய் முழுக்கச் சுத்தமான பச்சையாகும் வரை. ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்தியே அழுகலை மேலே கொண்டுபோகும். எவ்வளவு வெட்ட வேண்டியிருந்தாலும் தயங்காதீர்கள். ஒரு விரல் நீளம் நல்ல தண்டு மிஞ்சினாலும் செடியாகும். துளி பழுப்பை விட்டுவைத்தால் முழுக் கிளையும் போய்விடும்.

அழுகல் இல்லாவிட்டாலும் ஒரு வெட்டு அவசியம். முறிந்த முனை நார்நாராகப் பிய்ந்திருக்கும், தண்ணீரில் ஊறியும் இருக்கிறது. அந்தப் பகுதிக்கு ஒரு அங்குலம் மேலே, ஒரே இழுப்பில், நேராக வெட்டிவிடுங்கள். பிறகு அடியிலிருந்து மூன்று விரல்கடை வரை உள்ள இலைகளை எடுத்துவிடுங்கள். தண்டில் வளையம் வளையமாகக் கோடு தெரியும், அவைதான் கணுக்கள். வேர் பெரும்பாலும் வெட்டுவாயிலிருந்தும் இந்தக் கணுக்களிலிருந்தும் கிளம்பும்.

இரண்டு பெரிய கிளைகளில் ஒன்றை அப்படியே முழுதாக வைத்துக்கொள்ளுங்கள். அக்கா கொடுத்த செடியின் உருவம் அதில்தான் இருக்கிறது. இன்னொன்றை நாலைந்து அங்குலத் துண்டுகளாகப் பிரித்துவிடுங்கள் என்பேன். பெரிய கிளை அழகாக இருக்கும், ஆனால் தலைக்கனத்தில் ஆடிக்கொண்டே இருந்து புது வேரை அறுத்துக்கொள்ளும். சின்னத் துண்டு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே கிளையில் பணயம் வைக்காமல் இருப்பதற்கும் இது ஒரு வழி.

அடுத்து வருவது மனசுக்குக் கஷ்டமான கட்டம். ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். வெட்டிய துண்டுகளை நிழலில், காற்றோட்டத்தில், காய்ந்த இடத்தில் போட்டுவையுங்கள். வெட்டுவாயில் பொருக்கு கட்ட வேண்டும். நம் முழங்காலில் அடிபட்டால் கட்டுமே, அதே மாதிரி. தொட்டால் வறண்டு, தக்கை போல இருக்க வேண்டும். வறண்ட மாதங்களில் பென்சில் கனத் தண்டுக்கு நான்கைந்து நாள், கட்டைவிரல் கனத்துக்கு ஒரு வாரம் போதும். ஐப்பசி, கார்த்திகைச் சென்னையில் காற்றே ஈரம், பத்து முதல் பதினான்கு நாள் விடுங்கள். இலைகள் லேசாகச் சுருங்கும். சுருங்கட்டும். அந்தச் சுருக்கத்தைப் பார்த்துப் பயந்துதான் நிறைய பேர் நாலாவது நாளே நட்டுவிடுகிறார்கள். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். என் முதல் ஜேடு முறிந்தபோது அன்றைக்கே நட்டு, பாசத்தில் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். பத்தாம் நாள் தொட்டுப் பார்த்தால் தண்டு கூழாகிவிட்டிருந்தது. பத்து கிளையில் ஒன்றைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. வாடி இறந்த ஜேடு துண்டை நான் இதுவரை பார்த்ததில்லை, அழுகி இறந்தவற்றைத்தான் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள் தூள் தடவலாமா, பட்டைத்தூள் தடவலாமா, வேர்த்தூண்டிப் பொடி வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். காய்ந்த மஞ்சள் ஒரு சிட்டிகை தடவினால் கெடுதல் இல்லை. தேன் தடவாதீர்கள், எறும்பு வரும். வேர்த்தூண்டி இந்தச் செடிக்குத் தேவையே இல்லை. நன்றாகக் காய்ந்த வெட்டுவாய்க்கு இணையான மருந்து கிடையாது.

காய்கிற நாட்களில் மண் தயார் செய்யுங்கள். சாதாரணத் தொட்டி மண்ணில் நடக் கூடாது, தென்னை நார்க்கழிவு நிறைந்த கலவையிலும் கூடாது. நார்க்கழிவு நம் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஈரத்தை விடாது. என் அளவு இது: ஒரு பங்கு செம்மண்ணும் மக்கிய எருவும் சேர்ந்தது, இரண்டு பங்கு சொரசொரப்பான மணலும் கடலை அளவு உடைத்த செங்கல் துண்டும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டைப் பயன்படுத்தலாம், ஆனால் நாலு முறை அலசி அந்த மாவுத் தூளைப் போக்கிவிட வேண்டும். தூள் போகாவிட்டால் காய்ந்ததும் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. கொஞ்சம் அடுப்புக்கரித் துண்டு இருந்தால் போடுங்கள். கையில் பிடித்து நனைத்து அழுத்தினால் உருண்டை பிடிக்காமல் உதிர வேண்டும், அதுதான் பதம்.

தொட்டி மண் தொட்டியாகவும் சின்னதாகவும் இருக்கட்டும். துண்டுகளுக்கு நாலு அங்குலம், பெரிய கிளைக்கு ஆறு அங்குலம். 'எப்படியும் வளரப் போகிறதே' என்று பெரிய தொட்டியில் வைத்தால், வேர் இல்லாத செடியைச் சுற்றி ஈர மண் குவிந்து கிடக்கும். உலர்ந்த கலவையை நிரப்பி, இரண்டு விரல்கடை ஆழத்தில் மட்டும் நடுங்கள். நிற்கவில்லையே என்று ஆழமாகப் புதைக்காமல் பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றிப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீர் இல்லை. அப்புறம் ஓரமாகக் கால் டம்ளர், முழுக்கக் காய்ந்ததும் மறுபடி கால் டம்ளர். மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டு விரலால் பிடித்து மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். மண் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால் வேர் வந்துவிட்டது. சுருங்கிய இலைகள் அதற்குப் பிறகு ஒரே வாரத்தில் திரும்ப உப்பிக்கொள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த வாரம் எனக்குச் சந்தோஷமான வாரம்.

சிலர் பாட்டிலில் தண்ணீர் வைத்து வேர் வரவழைப்பார்கள். ஜேடு அதற்கும் ஒத்துழைக்கும், ஆனால் நான் பரிந்துரைப்பதில்லை. தண்ணீரில் வந்த வேர் மண்ணுக்கு மாற்றும்போது சுலபமாக உடைந்துபோகிறது. அப்புறம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

உதிர்ந்த இலைகளில் முழுதானவற்றை மட்டும் பொறுக்குங்கள். இலை தண்டோடு ஒட்டியிருந்த அடிப்பகுதி பிய்யாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் வேரும் முளையும் அங்கிருந்துதான் வரும். பாதியில் ஒடிந்ததை விட்டுவிடலாம். மூன்று நான்கு நாள் காயவைத்து, ஒரு தட்டில் அதே மணல் கலவையைப் பரப்பி மேலே சும்மா வையுங்கள். புதைக்க வேண்டாம். சில வாரங்களில் இளஞ்சிவப்பு நூல் மாதிரி வேர் எட்டிப் பார்க்கும், அதன் பின்னால் கடுகளவு இரண்டு இலை. வேர் வந்த பிறகு வாரம் இரண்டு முறை லேசாகத் தெளித்தால் போதும். தாய் இலை சுருங்கிக் காகிதம் மாதிரி ஆகும் வரை பிய்க்காதீர்கள், குட்டி அதைக் குடித்துத்தான் வளர்கிறது. எல்லா இலையும் வராது. சிலது அழுகும், சிலது வேர் மட்டும் விட்டு நின்றுவிடும். ஒரு இலைக் குட்டி கட்டைவிரல் உயரம் வர ஆறு மாதத்துக்கு மேல்கூட ஆகலாம். அதனால் இதை அவசரத் தேவைக்கு நம்பாதீர்கள்.

இந்த இலை வித்தையை வீட்டில் உள்ள எல்லாச் சதைப்பற்றுச் செடிக்கும் போட்டுப் பார்க்கத் தோன்றும். எச்சிவேரியா வரும், கழுதைவால் செடம் தாராளமாக வரும். சோற்றுக்கற்றாழையின் மடலை நட்டால் அழுகும், அதற்குப் பக்கக் கன்றைப் பிரிப்பதுதான் வழி. மஞ்சள் விளிம்புள்ள பாம்புக் கற்றாழையின் மடல் துண்டு வேர் விடும், ஆனால் வரும் கன்றில் மஞ்சள் இருக்காது, வெறும் பச்சைதான். அந்த மஞ்சள் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரிக்க வேண்டும்.

இனி அடிக்கட்டை. அதை யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆனால் உங்களிடம் இருப்பதிலேயே பலமான பகுதி அதுதான். ஆறு வருட வேர் அதில் இருக்கிறது. உடைந்த தொட்டியிலிருந்து எடுத்து, ஈர மண்ணை உதறி, நசுங்கிய வேர்களை வெட்டிவிட்டு மூன்று நாள் நிழலில் காயவையுங்கள். மேல்முனையையும் ஒரு கணுவுக்குச் சற்று மேலே நேராக வெட்டி, உள்ளே பழுப்பு இல்லையென்று உறுதி செய்துகொண்டு, உலர்ந்த கலவையில் நட்டு மழை படாத இடத்தில் வையுங்கள். இலையே இல்லாத கட்டைக்குத் தண்ணீர் குடிக்க வழி இல்லை. பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை மண்ணை லேசாக நனைத்தாலே அதிகம். ஒன்றிரண்டு மாதத்தில் கணு வளையங்களில் பச்சைப் புள்ளி தெரியும். ஒரு தலை போன இடத்தில் இரண்டு மூன்று தளிர் வரும். இந்தச் செடியை போன்சாய் ஆக்குபவர்கள் தடித்த அடிக்கும் அடர்ந்த தலைக்கும் வேண்டுமென்றே இப்படி வெட்டுவார்கள். உங்களுக்கு அதைக் காற்று செய்துகொடுத்திருக்கிறது.

எல்லாத் துண்டுகளையும் நடும் முன் இலை இடுக்குகளை ஒருமுறை பாருங்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் அது மாவுப்பூச்சி. ஸ்பிரிட் நனைத்த பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்துவிடுங்கள். அடிபட்ட செடியில் அது வேகமாகப் பெருகும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, முதல் நாலு வாரம் நேர்வெயில் வேண்டாம், ஆனால் இருட்டு மூலையும் வேண்டாம். ஜன்னலோரம் சரி. தளிர் வந்ததும் காலை வெயிலுக்கு நகர்த்துங்கள். வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நெட்டையாக, கணுக்கள் தள்ளித் தள்ளி வளர்ந்து அடுத்த காற்றுக்கும் முறியும். அக்னி நட்சத்திரத்தில் மட்டும் மதிய வெயிலை மறைத்துவிடுங்கள். கைப்பிடிச் சுவரில் மறுபடி வைக்காதீர்கள். மூன்றாம் மாடியிலிருந்து தொட்டி வெளிப்பக்கம் விழுந்தால் கீழே ஆள் நடக்கிற இடம்.

அக்காவுக்குக் கொடுக்க இலைக் குட்டியை எடுக்காமல், வேர் பிடித்த கிளைத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாசி மாதம் சரியான நேரம். மண்ணை உதறி, வெறும் வேரோடு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தால் இரண்டு நாள் பஸ் பயணத்தைத் தாங்கும், தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. நட்ட முதல் வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று காகிதத்தின் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.